பாத்திரத்திலும் உணவிலும் உலோகம்: எதற்கு எவ்வளவு கவலைப்பட வேண்டும்?

கேள்வி இது: வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அலுமினியம் மூளைக்குக் கேடு என்று கேள்விப்பட்டு அந்தப் பாத்திரங்களையெல்லாம் எடுத்துப் போட்டாயிற்று. இப்போது எவர்சில்வரிலிருந்தும் நிக்கல் இறங்குகிறது, அரிசியில் ஆர்சனிக், சாக்லேட்டில் காட்மியம், மசாலாத் தூளில் ஈயம் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தி வருகிறது. எதில்தான் சமைப்பது, எதைத்தான் சாப்பிடுவது, இதுவரை உடம்பில் சேர்ந்ததை வெளியேற்ற ஏதாவது செய்ய வேண்டுமா?

உணவு மாதிரிகளில் உலோகம் அளப்பது என் தொழில் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். முடிவை முதலிலேயே வைத்துவிடுகிறேன்: இவை எல்லாவற்றுக்கும் ஒரே அளவு பயத்தைப் பங்கிட்டுக் கொடுக்காதீர்கள். அப்படிச் செய்தால் உண்மையிலேயே ஆபத்தானது கூட்டத்தில் மறைந்துபோகும். உங்கள் கவலையில் பெரும்பங்கு ஈயத்துக்குப் போகட்டும். வெள்ளீயத்தைச் சொல்லவில்லை, காரீயத்தைச் சொல்கிறேன். அடுத்த இடம், தினமும் அதிகம் சாப்பிடும் உணவு வழியாக வரும் ஆர்சனிக்குக்கும் காட்மியத்துக்கும். மீன் சாப்பிடுகிறவர்கள் பாதரசத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நீங்கள் தூக்கிப் போட்ட பாத்திரங்களில் இருந்த அலுமினியம் இந்த வரிசையில் மிகவும் கீழே இருக்கிறது.

ஈயம் ஏன் தனி? இரும்பும் செம்பும் துத்தநாகமும் உடம்புக்கு வேண்டும். குறைந்தாலும் தொல்லை, கூடினாலும் தொல்லை. ஈயத்தால் உடம்புக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் உடம்பு அதைக் கால்சியத்தோடு குழப்பிக்கொண்டு எலும்பிலும் பல்லிலும் சேர்த்து வைக்கிறது. இரத்தத்தில் இருக்கும் ஈயம் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். எலும்பில் புகுந்தது பல பத்தாண்டுகள் தங்கும். கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கப்படும்போது, அவர் சிறுவயதில் விழுங்கிய ஈயமும் கூடவே கிளம்பிக் கருவில் இருக்கும் குழந்தைக்குப் போகிறது. ஒரே அளவு ஈயத்தை விழுங்கினால், பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடல் 4 முதல் 5 மடங்கு வரை அதிகம் உறிஞ்சுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிறு காலியாக இருந்தாலும், இரும்புச் சத்தும் கால்சியமும் குறைவாக இருந்தாலும் உறிஞ்சுவது இன்னும் கூடும்.

ஈயத்துக்கு முன்பு 'வாரத்துக்கு இவ்வளவு வரை பரவாயில்லை' என்று ஓர் அளவு இருந்தது: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 25 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2010இல் அதைத் திரும்பப் பெற்றது. அந்த அளவுக்குள்ளேயே குழந்தைகளின் அறிவுத்திறன் குறைவதும் பெரியவர்களின் இரத்த அழுத்தம் கூடுவதும் தெரிந்ததால், பாதுகாப்பானது என்று வேறொரு எண்ணை அந்த இடத்தில் வைக்க அவர்களால் முடியவில்லை. மற்ற உலோகங்களுக்கும் ஈயத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, எண்களைப் பற்றி. மக்களைக் கலங்கடிக்கும் செய்திகளில் பாதி, மூன்று வெவ்வேறு அளவுகளை ஒன்றாகக் குழப்புவதால் வருகிறது. பாத்திரத்தின் உடலில் மொத்தம் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்பது ஒன்று. அதிலிருந்து உணவில் எவ்வளவு இறங்குகிறது என்பது வேறு. ஒரு நாளில் எவ்வளவு வாய்க்குள் போகிறது என்பது மூன்றாவது. எக்ஸ்-கதிர்க் கருவியைப் பாத்திரத்தின் மேல் வைத்துப் பார்த்து 'இத்தனை பிபிஎம் ஈயம்' (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்று சொல்பவர்கள் முதல் எண்ணை மட்டும்தான் சொல்கிறார்கள். எடுத்துக்காட்டாக, பழைய கிரிஸ்டல் கண்ணாடியின் எடையில் கிட்டத்தட்ட கால்பங்கு ஈய ஆக்சைடு. அதில் ஊற்றியதை உடனே குடித்துவிட்டால் இறங்குவது மிகக் குறைவு; அதே கண்ணாடிக் குடுவையில் மதுவையோ பழச்சாற்றையோ நாள்கணக்கில் வைத்தால் நிறைய இறங்கும். பொருள் ஒன்றுதான், ஆபத்து வேறு. அதனால்தான் பீங்கானுக்கான தரச் சோதனையில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை ஊற்றி, 22 டிகிரி வெப்பத்தில் 24 மணி நேரம் வைத்து, அந்தத் திரவத்தில் இறங்கிய ஈயத்தையும் காட்மியத்தையும் அளக்கிறார்கள். புளிப்பு, உப்பு, சூடு, நேரம், கீறல் ஆகிய ஐந்தும் எந்த உலோகத்தையும் இறக்கிவிடும். இவற்றில் பலவும் ஒரே பாத்திரத்தில், ஒரே வேளையில் சேர்வதுதான் கவனிக்க வேண்டிய இடம்.

மூன்றாவது எண்ணுக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் உணவு வழி ஈயத்துக்கு ஒரு குறிப்பளவு வைத்திருக்கிறது: குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு 2.2 மைக்ரோகிராம், கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு 8.8. ஒரு மசாலாத் தூளில் 2 பிபிஎம் ஈயம் இருந்தால், ஒரு கிராம் தூளில் 2 மைக்ரோகிராம். குழந்தை தினமும் அந்த ஒரு கிராமைச் சாப்பிட்டாலே அளவு ஏறக்குறைய நிரம்பிவிடுகிறது. இது கலப்படமில்லாத, மண்ணிலிருந்தும் தூசியிலிருந்தும் இயல்பாக ஈயம் ஏறிய தூள். கலப்படம் வந்தால் கணக்கே வேறு. 2023இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஆப்பிள் கூழில் சேர்த்த பட்டைத் தூளைச் சோதித்தபோது 2,270 முதல் 5,110 பிபிஎம் வரை ஈயம் இருந்தது. நூற்றுக்கணக்கான குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியது. அது தற்செயலாகக் கலந்தது அல்ல. லெட் குரோமேட் என்ற சாயம். பெயின்டில் போடும் அதே மஞ்சள் நிறமி.

இதே நிறமிதான் வங்கதேசத்தில் மஞ்சளிலும் இருந்தது. மங்கிய கிழங்கைப் பளிச்சென்று காட்ட, மெருகேற்றும்போதே அதைத் தூவினார்கள். 2019இல் ஆய்வாளர்கள் இதை வெளிக்கொண்டுவந்த பிறகு அரசு கடைகளில் சோதனை நடத்தியது, தண்டித்தது, மக்களிடம் எடுத்துச் சொன்னது. 2019இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டது. 2021இல் அது பூஜ்ஜியத்துக்கு வந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த செய்தி இதுதான். வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பயந்து செய்ய முடியாததை, மூலத்தில் கை வைத்ததும் இரண்டே ஆண்டில் செய்ய முடிந்திருக்கிறது. நீங்கள் கவனிக்க வேண்டியது: முழுதாக வாங்கி அரைத்தால் தூளில் நடக்கும் கலப்படம் குறையும், ஆனால் கிழங்கின் மேலேயே நிறம் பூசியிருந்தால் அது உதவாது. இயல்புக்கு மீறிய பளபளப்பு மஞ்சளைத் தவிர்த்துவிடுங்கள். தண்ணீரில் போட்டுப் பார்க்கும் வீட்டுச் சோதனைகளால் லெட் குரோமேட் இல்லை என்று உறுதி சொல்ல முடியாது. பரிசோதனை செய்து விற்பவரிடம் வாங்குவதே வழி.

பாத்திரம் வழியாக ஈயம் வருவதற்கு எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, பழைய உலோகத்தை உருக்கி வார்த்த பாத்திரங்கள். வாகன எஞ்சின் பாகம், மின்சாதனக் கழிவு, பேட்டரித் துண்டு எது கிடைத்தாலும் உருக்கி ஊற்றினால், வெளியே பார்க்க அலுமினியமாகத்தான் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று வார்த்தவருக்கே தெரியாது. கேமரூனில் இப்படி வார்த்த பாத்திரங்களைப் பற்றி 2014இல் ஓர் ஆய்வு வந்தது. புளிப்பான கரைசலைக் கொதிக்க வைத்தபோது கவலைப்பட வேண்டிய அளவில் ஈயம் இறங்கியது. 2025இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், ஹிண்டாலியம் போன்ற அலுமினியக் கலவையிலும் பித்தளையிலும் செய்த சில இறக்குமதிப் பாத்திரங்களிலிருந்து ஈயம் இறங்குகிறது என்று எச்சரித்தது. ஆகவே 'அலுமினியப் பாத்திரம் ஆபத்து' என்ற பேச்சில் ஓர் உண்மை இருக்கிறது; ஆனால் குற்றவாளி அலுமினியம் அல்ல, அதற்குள் ஒளிந்திருக்கும் ஈயம். எந்த ஆலையில், எந்தத் தரத்தில் செய்தது என்ற குறிப்பே இல்லாத, சொரசொரப்பான வார்ப்புப் பாத்திரத்தை வீட்டில் வைக்க வேண்டாம். தரக்குறி உள்ள தகடுப் பாத்திரமும் அனோடைஸ் செய்ததும் (மின்முறையில் மேற்பரப்பைக் கடினமாக்கியது) வேறு வகை. அவற்றை இதோடு சேர்க்காதீர்கள்.

பீங்கானிலும் மண்பாத்திரத்திலும் கவனிக்க வேண்டியது மேல்மெருகு. குறைந்த சூட்டில் சுட்ட பாத்திரத்துக்கு ஈயம் கலந்த மெருகு எளிதாக உருகிப் பளபளப்பைத் தரும் என்பதால் நெடுங்காலம் அதையே பயன்படுத்தினார்கள். மெருகில் விரிசல் விழுந்திருந்தால், தேய்ந்து தூளாக உதிர்ந்தால், அல்லது உணவு படும் உட்புறத்தில் அடர் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் வண்ணம் இருந்தால் அலமாரியில் அழகுக்கு இருக்கட்டும், உணவு வேண்டாம். அந்த மூன்று வண்ணங்களில் காட்மியமும் இருக்க வாய்ப்பு உண்டு. பழைய எனாமல் பாத்திரத்துக்கும் இது பொருந்தும். மெருகே இல்லாத வெறும் மண்பாத்திரத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அதில் களிமண் எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி.

தண்ணீரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பித்தளைக் குழாயிலும் பழைய பற்றவைப்பிலும் ஈயம் உண்டு. இரவு முழுக்கக் குழாய்க்குள் நின்ற தண்ணீரில் அது இறங்கியிருக்கும். காலையில் சிறிது நேரம் திறந்துவிட்டுப் பிறகு பிடியுங்கள். குடிக்கவும் சமைக்கவும் வெந்நீர்க் குழாயைத் திறக்காதீர்கள். சூடான நீர் அதிகம் இறக்கும். கொதிக்க வைத்தால் ஈயம் போகாது, தண்ணீர் ஆவியாகி ஈயத்தின் செறிவுதான் கூடும். குழந்தைக்குப் பால்மாவு கரைக்கும் வீடுகளில் பாத்திரத்தை மாற்றுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இனி அலுமினியம். இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் எடை புரியும். 1965இல் முயல்களின் மூளைக்குள் அலுமினிய உப்பை நேரடியாகச் செலுத்தியபோது நரம்பணுக்களில் முடிச்சுகள் தோன்றின. அல்சைமர் நோயிலும் முடிச்சுகள் உண்டு என்பதால் இரண்டையும் இணைத்துப் பேசினார்கள். இரண்டு முடிச்சுகளின் அமைப்பும் வேறு என்று பின்னால் தெரிந்தது. 1970களில் டயாலிசிஸ் நோயாளிகளிடம் வந்த மூளைக்கோளாறுக்கு அலுமினியம் காரணமாக இருந்தது. ஆனால் அவர்களுக்கு அது டயாலிசிஸ் நீர் வழியாக நேராக இரத்தத்துக்குள் போனது, வெளியேற்ற வேண்டிய சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாய் வழியாகப் போகும் அலுமினியத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் குடல் உறிஞ்சுகிறது; சிறுநீரகம் நன்றாக இருந்தால் அதையும் வெளியேற்றிவிடும். நிபுணர் குழு வைத்திருக்கும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரம் 2 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இன்னும் கண்டிப்பாக 1 மில்லிகிராம் என்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்குக் கண்டிப்பான கணக்கிலேயே வாரம் 60 மில்லிகிராம். எலுமிச்சை, தக்காளி, வினிகர் போன்ற புளிப்பை வெறும் அலுமினியத்தில் கொதிக்க வைக்காமலும், சமைத்ததை அதிலேயே இரவு முழுக்க வைக்காமலும் இருந்தால் போதும். ஃபாயிலுக்கும் இதே விதி. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் அலுமினியத்தை ஒதுக்கிவிடுவது நல்லது.

எவர்சில்வரைப் பற்றி வரும் 'நிக்கல்' செய்தி பொய்யில்லை. 2013இல் வந்த ஓர் ஆய்வில் தக்காளிச் சாற்றை எவர்சில்வரில் மணிக்கணக்காகக் கொதிக்க வைத்தார்கள். புதுப் பாத்திரத்தில் நிறைய நிக்கலும் குரோமியமும் இறங்கின. சமைக்கச் சமைக்கக் குறைந்து, பத்தாவது முறையில் 126 கிராம் பரிமாறலுக்குச் சராசரி 88 மைக்ரோகிராம் நிக்கல் என்ற அளவில் நின்றது. ஐரோப்பிய ஆணையத்தின் அளவுப்படி 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 780 மைக்ரோகிராம் நிக்கல் வரை ஏற்கலாம். இறங்கிய குரோமியமும் 88க்குப் பக்கத்தில்தான். உணவில் இருப்பது பெரும்பாலும் தீங்கு குறைந்த மூவிணைதிறன் வடிவம். ஆகவே எவர்சில்வர் உங்களுக்கு நல்ல தேர்வுதான். நிக்கல் ஒவ்வாமையால் கையில் அரிப்பும் தடிப்பும் வருகிறவர்கள் மட்டும் புளிப்பானதை எவர்சில்வரில் நீண்ட நேரம் கொதிக்க விடாமல், கண்ணாடிக்கோ நல்ல எனாமலுக்கோ மாறலாம். புதுப் பாத்திரத்தில் முதல் சில முறை புளிப்பில்லாததைச் சமையுங்கள், உட்புறத்தை இரும்பு நாரால் பறண்டாதீர்கள்.

செம்பும் பித்தளையும் இப்போது ஆரோக்கியத்தின் பெயரால் திரும்பி வருகின்றன. அதனால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெள்ளீயப் பூச்சு இல்லாத செம்பில் புளிப்பையோ பாலையோ வைக்கக் கூடாது. ஆஸ்திரியாவின் டைரோல் பகுதியில் பல பத்தாண்டுகள் குழந்தைகள் கல்லீரல் சுருங்கி இறந்தார்கள். பூச்சில்லாத செம்புப் பாத்திரத்தில் காய்ச்சிய பால்தான் காரணம் என்று தெரிந்தது, பாத்திரம் மாறியதும் நோயும் மறைந்தது. எல்லாக் குழந்தைக்கும் அது வரவில்லை, மரபுக்கூறும் சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் உங்கள் குழந்தையின் மரபுக்கூறு உங்களுக்குத் தெரியாதே. உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய் உள்ளவர்கள் செம்புப் பாத்திரத்தின் பக்கமே போகக் கூடாது. பித்தளையில் கடைவதற்கு எளிதாக இருக்க ஈயம் சேர்ப்பதும் உண்டு. பூச்சுப் போடும் வெள்ளீயத்தில் காரீயம் கலந்திருந்தால் பாதுகாப்புக்கென்று போட்ட பூச்சே விஷமாகிவிடும். பூச்சு எந்த உலோகத்தில் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

வார்ப்பிரும்பிலிருந்து இரும்பு இறங்கும். இரத்தசோகை உள்ளவருக்கு அது நன்மை, உடலில் இரும்பு தேங்கும் நோய் உள்ளவருக்கு வேண்டாம். நான்ஸ்டிக் பூச்சின் பிரச்சினை உலோகம் இல்லை, வெறும் சட்டியை அடுப்பில் காய விடும்போது வரும் புகை. அது தனிப் பேச்சு.

உணவுக்கு வருவோம். நெல் நீர் நின்ற வயலில் வளர்வதால், காற்றில்லாத மண்ணிலிருந்து ஆர்சனிக் எளிதாகக் கரைந்து வேருக்குப் போகிறது. சிலிக்கா உறிஞ்சும் பாதையிலேயே அதுவும் ஏறிவிடுகிறது. தீட்டிய அரிசிக்கு ஒரு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் கனிம ஆர்சனிக் (ஆர்சனிக்கின் நச்சு கூடிய வடிவம்) என்பது 2014இல் சர்வதேச உணவுத் தர அமைப்பு வைத்த வரம்பு. வெளித்தோலில் அதிகம் தங்குவதால் தீட்டாத அரிசியில் கூடுதலாக இருக்கும். ஒரு பங்கு அரிசிக்கு ஆறு முதல் பத்துப் பங்கு தண்ணீர் வைத்து வேகவிட்டு வடித்தால் கனிம ஆர்சனிக்கில் 40 முதல் 60 சதவீதம் போய்விடும். வெறுமனே கழுவுவதால் அவ்வளவு பயன் இல்லை. வடிக்கும்போது பி வைட்டமின்கள் சிலவும் போகும்; அதை வேறு உணவில் ஈடுகட்டலாம். நிலத்தடி நீரிலேயே ஆர்சனிக் இருக்கும் இடங்களில் இந்த முறை பலிக்காது. தண்ணீர் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டினால் முதலில் தண்ணீரை மாற்ற வேண்டும். கைக்குழந்தைக்கு அரிசிக் கூழை மட்டுமே கொடுக்காமல் மற்ற தானியங்களையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். எடையோடு ஒப்பிட்டால் குழந்தை சாப்பிடும் அளவு பெரியவரைவிட அதிகம்.

காட்மியம் மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறும். சிறுநீரகத்தில் 10 முதல் 30 ஆண்டுகளில்தான் பாதியாகக் குறையும். ஜப்பானின் டொயாமா பகுதியில் சுரங்கக் கழிவு கலந்த ஆற்று நீர் பாய்ந்த வயல்களின் அரிசியைச் சாப்பிட்டவர்களின் எலும்பு முறியும் அளவுக்குப் பலவீனமானது. வலி தாங்காமல் அவர்கள் அலறியதே நோய்க்குப் பெயரானது. சாக்லேட் அந்த அளவுக்குப் போவதில்லை. 2022 இறுதியில் அமெரிக்க நுகர்வோர் அமைப்பு ஒன்று 28 கறுப்பு சாக்லேட்டுகளைச் சோதித்தபோது 23இல், ஒரு நாளில் 28 கிராம் அளவு சாப்பிட்டாலே கலிபோர்னியாவின் கண்டிப்பான குறிப்பளவை ஈயமோ காட்மியமோ தாண்டியது. எப்போதாவது ஒரு துண்டு சாப்பிடுகிறவருக்குப் பயமில்லை; தினமும் சாப்பிடும் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் குறைத்துக்கொள்ளலாம். புகைப்பவருக்கோ உணவைவிடப் புகையிலையே பெரிய காட்மிய ஊற்று.

மீனில் பாதரசம் தசையோடு ஒட்டியிருக்கிறது. கழுவினாலும் வறுத்தாலும் போகாது. சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அளவு ஏறுவதால், சுறா, வாள்மீன், பெரிய சூரை வகைகளைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தவிர்க்கட்டும். மத்தி, நெத்திலி போன்ற சிறுமீன்களைத் தாராளமாகச் சாப்பிடலாம். பாதரசத்துக்குப் பயந்து மீனையே நிறுத்துவது குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கொழுப்பை இழப்பதாகும்.

கடைசியாக, உடம்பில் சேர்ந்ததை வெளியேற்றுவது. தலைமுடிச் சோதனையையும், மருந்து கொடுத்துவிட்டுச் சிறுநீரை அளக்கும் சோதனையையும் நம்பாதீர்கள். அந்த மருந்து யாருடைய உடலிலிருந்தும் கொஞ்சம் உலோகத்தை இழுத்துவரும். அதை மருந்து எடுக்காதவர்களின் அளவோடு ஒப்பிட்டு 'நச்சு அதிகம்' என்று சீட்டுக் கொடுத்து, பிறகு சிகிச்சையை விற்கிறார்கள். உலோகத்தை நீக்கும் மருந்துகள் சாதாரணமானவை அல்ல. தவறான மருந்து ஏற்றப்பட்டு இரத்தக் கால்சியம் சரிந்து குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். ஈயத்துக்கு நம்பத்தக்க ஒரே தொடக்கம் இரத்தப் பரிசோதனை. விரல் நுனியில் எடுத்தது அதிகமாகக் காட்டினால், தோலில் இருந்த தூசியாகவும் இருக்கலாம் என்பதால் கையின் இரத்தக் குழாயிலிருந்து எடுத்து உறுதி செய்ய வேண்டும். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் குழந்தைகளுக்கு ஒரு டெசிலிட்டர் (100 மில்லிலிட்டர்) இரத்தத்துக்கு 3.5 மைக்ரோகிராமைக் குறிப்பளவாக வைத்திருக்கிறது. அது பாதுகாப்பு எல்லை அல்ல, அதைத் தாண்டினால் ஈயம் வரும் வழியைத் தேடத் தொடங்கு என்பதற்கான அடையாளம். மருந்து பேச்சுக்கு வருவது பொதுவாக 45ஐத் தொடும்போது. அதற்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு, வரும் வழியை அடைப்பதும் இரும்புச் சத்துக் குறைவைச் சரிசெய்வதுமே சிகிச்சை.

சந்தேகமான பாத்திரம் ஒன்று கையில் இருந்தால் அதை உடனே விட்டெறியாமல் மூடிக் கட்டித் தனியாக வையுங்கள். கடையில் கிடைக்கும் தடவிப் பார்க்கும் குச்சிகள் ஈயம் இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். குழந்தையின் இரத்தத்தில் ஈயம் இருந்தால் ஆய்வகம் அந்தப் பாத்திரத்தைப் பார்க்கக் கேட்கும். தேவை முடிந்ததும் அதை யாருக்கும் தானமாகக் கொடுக்க வேண்டாம், பழைய உலோகம் வாங்குபவரிடமும் போட வேண்டாம். அது உருகி இன்னொரு வீட்டுப் பாத்திரமாகவே திரும்பலாம். ஆபத்தான கழிவுகளைப் பிரித்து வாங்கும் இடத்தில், என்னவென்று சொல்லிக் கொடுங்கள்.